வெறுங்கை டீச்சர்

மாடிப்படி ஏறி வந்ததும் டீச்சர் கரும்பலகைப் பக்கம் போவதில்லை. நேரே ஜன்னல் பக்கம்தான் போவார். முதல் ஜன்னல் சாதுவானது, தள்ளினால் திறந்துவிடும். இரண்டாவதன் கொக்கியில் துரு. அதற்கு உள்ளங்கையால் கீழிருந்து மேலாக ஓங்கி ஒரு தட்டு வைக்க வேண்டும். திறந்த மறு நொடியே கீழேயுள்ள சாவிக்கடையின் இயந்திரம் 'கிறீச்' என்று அறைக்குள் நுழையும். அதன் பின்னாலேயே பஸ் நிறுத்தத்துச் சண்டை, எதிர்மாடியில் யாரோ ஈரத் துணியை உதறும் சத்தம், தெருவில் போகிறவர்கள் போனில் கத்துகிற குடும்ப ரகசியங்கள் எல்லாம் வரும். "காத்துக்காக மட்டும் திறக்குறேன்னு நெனைக்காதீங்க, பாடமும் இந்த வழியாத்தான் வரணும்" என்பார் டீச்சர். பிறகு கையிலிருக்கும் துருவைத் தட்டிவிட்டு, மாணவர்களுக்கு நடுவே எந்த நாற்காலி காலியாக இருக்கிறதோ அதில் போய் உட்கார்ந்துகொள்வார். ஆசிரியருக்கென்று ஒரு மேசை இருக்கிறது. அதன் மேல் குடைகள் காயும்.

வயது நாற்பத்து நான்கு. குள்ளம். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு கைப்பைக்குள் தேடுவார். அந்தப் பையில் வீட்டுச் சாவி, ஒரு பிஸ்கட் பாக்கெட், மாத்திரை டப்பாவுக்குள் நாலைந்து உடைந்த சாக்பீஸ்கள், இவ்வளவுதான். புத்தகமும் கிடையாது, நோட்டும் கிடையாது. கல்வி மையத்தின் மற்ற ஆசிரியர்கள் கட்டுக் கட்டாகத் தாளைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்கப் படியேறும்போது, இவர் சந்தைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்புகிறவரைப் போல வீசிய கையோடு வருவார். அதனால்தான் 'வெறுங்கை டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். டீச்சருக்கு அது பிடித்துப் போய்விட்டது.

பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை ஆங்கில வகுப்பு, வாரத்தில் மூன்று நாள். வருகிறவர்கள் பதினொரு பேர். எல்லோரும் டீச்சரை விட மூத்தவர்கள், எல்லோரும் வேலைக்கு நடுவே நேரத்தைத் திருடிக்கொண்டு வருகிறவர்கள். இரண்டு மணிக்கு டீச்சர் சொல்வது ஒன்றே ஒன்று: "பையிலேர்ந்து எடுங்க."

ஆளுக்கு ஒரு பொருளை எடுத்து நடுமேசையில் வைக்க வேண்டும். அன்றைக்கு வாழ்க்கை அவர்கள் பையில் எதைப் போட்டதோ அது. டாக்ஸிக்காரர் ஒரு நாள் அபராதச் சீட்டை வைத்தார். தையல்கடை அக்கா, ஒரு வெளிநாட்டுப் பெண் துண்டுத் தாளில் எழுதிக்கொடுத்த அளவுகளை வைத்தார். அவருக்கு உதவியாகக் கடையில் இருக்கும் தங்கை, அந்தப் பெண் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன சட்டையையே வைத்தார். மேசை மேல் எது அதிகமாக முறைக்கிறதோ அதுதான் அன்றைய பாடம். அபராதச் சீட்டு வந்த அன்று வகுப்பு முழுவதும் நீதிமன்றமாகிவிட்டது. டாக்ஸிக்காரர் தன் தரப்பை ஆங்கிலத்தில் வாதாடினார், தையல்கடை அக்கா இரக்கமே இல்லாத நீதிபதியாக இருந்து அபராதத்தை இரட்டிப்பாக்கினார்.

லிஃப்ட்காரருக்கு அறுபத்தொரு வயது. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் முப்பது வருடமாக மேலும் கீழும் போய் வருகிறார். வகுப்பில் சேர்ந்த அன்று அவரிடம் இருந்த ஆங்கிலம் 'கோயிங் அப்', 'கோயிங் டௌன்' இரண்டும்தான். என்ன கற்க வேண்டும் என்று டீச்சர் கேட்டதற்கு, "எட்டு மாடி போறதுக்கு நாப்பது செகண்டு டீச்சரம்மா. அதுக்குள்ள ஆரம்பிச்சு அதுக்குள்ள முடியற மாதிரி பேச்சு வேணும்" என்றார். டீச்சர் ஒரு மாதம் அதையே நடத்தினார். வானிலை, முட்டிவலி, மகளின் பரீட்சை என எல்லாமே நாற்பது நொடியில் முடிந்தாக வேண்டும். இப்போது அவருடைய லிஃப்டில் ஏறுகிறவர்கள் எட்டாவது மாடியில் இறங்க மனமில்லாமல் நிற்கிறார்களாம். இது அவரே சொன்னது, கொஞ்சம் தள்ளுபடி செய்து கேட்டுக்கொள்ளலாம்.

டீச்சரும் ஒரு காலத்தில் தாள் சுமந்தவர்தான். வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது 'விமான நிலையத்தில்' என்ற பாடத்தை மூன்று வாரம் நடத்தினார். படம், அட்டை, பயிற்சித் தாள் என்று ஒன்றும் பாக்கியில்லை. முடித்த அன்று துப்புரவு வேலை செய்யும் ஒரு அம்மா தயங்கித் தயங்கி வந்து, "நான் பிளேன்ல எல்லாம் போகப் போறதில்லைங்க. பையன் ஸ்கூல்லேர்ந்து ஒரு லெட்டர் வந்துச்சு, அதை மட்டும் படிச்சுச் சொல்றீங்களா?" என்று மடித்து மடித்துப் பழசாகிப் போன ஒரு கடிதத்தை நீட்டினார். மூன்று வாரமாக அந்தக் கடிதம் அந்த அம்மாவின் பையில் வகுப்புக்கு வந்து வந்து போயிருக்கிறது. பையனை உதவித்தொகைத் தேர்வுக்கு அனுப்பச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். தேதி முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. இதைச் சொல்லும்போது டீச்சருக்கு இன்றைக்கும் குரல் இறங்கிவிடும். அடுத்த நாளிலிருந்துதான் 'பையிலேர்ந்து எடுங்க' ஆரம்பித்தது.

ஆனால் மையத்துக்குக் கணக்கு வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்திட்டம் எழுதி ஒரு பதிவேட்டில் ஒட்ட வேண்டும் என்பது விதி. டீச்சர் விதியை மீறுகிறவர் இல்லை, எழுதுகிறார். என்ன, வகுப்பு முடிந்த பிறகு எழுதுகிறார். பாடத்தில் புதிதாக முளைத்த வார்த்தைகளையெல்லாம் பேனாவால் இடது உள்ளங்கையில் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய், அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து 'இன்று நடத்த உத்தேசித்திருக்கும் பாடம்' என்று எழுதுவார். டீச்சரின் கணவருக்கு பஸ் கம்பெனியில் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று நிமிடக் கணக்கில் அட்டவணை போடுகிறவர். சாப்பாட்டு மேசையில் மனைவியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "பஸ் போய்ச் சேர்ந்தப்புறம் டைம்டேபிள் போடுற ஆளு உலகத்துலேயே நீ ஒருத்திதான்" என்பார். "எல்லா பஸ்ஸும் கரெக்டா போய்ச் சேர்ந்துடுது பாருங்க" என்பார் டீச்சர்.

எல்லா பஸ்ஸும் போய்ச் சேரவில்லை என்பது டீச்சருக்குத் தெரியும். சில நாள் மேசை மேல் ஒன்றுமே தேறாது. பஸ் டிக்கெட்டும் சில்லறையும்தான் கிடக்கும். அன்றைக்கு இரண்டு மணி நேரமும் மழை வருமா வராதா என்றே ஓடும். அதைக்கூட டீச்சர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது கடைசி நாற்காலி.

அதில் உட்காருகிறவர் ஒரு முதியோர் இல்லத்தில் ஆயா வேலை பார்ப்பவர். ஐம்பத்தாறு வயது, சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துப் போன விரல்கள். எல்லோரும் ஆயாம்மா என்பார்கள். நாலு மாதமாக ஒரு வகுப்பு விடாமல் வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. பையிலிருந்து எடுக்கச் சொன்னால் மடித்த கைக்குட்டை ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்பது போலச் சிரிப்பார். டீச்சர் யாரையும் வற்புறுத்துவதில்லை. "சரி, கைக்குட்டை. நல்ல கைக்குட்டை" என்று அடுத்தவரிடம் போய்விடுவார். போனாலும் மனது அங்கேயே நிற்கும். "பத்துப் பேரைப் பேச வெச்சுட்டேன், இந்த ஒருத்தங்க வாயைத் திறக்க முடியலையே" என்று ஒரு நாள் கணவரிடம் சொன்னார். "நான் புத்தகம் வெச்சு நடத்துறவளா இருந்தா, அதைப் பார்த்தாவது ரெண்டு வரி வாசிச்சிருப்பாங்களோ என்னவோ. என் பிடிவாதத்துக்கு அவங்க பலியாகறாங்களோன்னு பயமா இருக்கு." அட்டவணைக்காரர் அன்று கேலி செய்யவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் மையத்திலிருந்து மேற்பார்வையாளர் வருவதாகக் கடிதம் வந்தது. புதன்கிழமை வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். முன்கூட்டி எழுதிய திட்டப்படி பாடம் நடக்காவிட்டால், வகுப்பை மூடிவிட்டு மாணவர்களைப் புத்தக வகுப்புக்கு மாற்றுவார்கள். புத்தக வகுப்பு காலை ஒன்பது மணிக்கு. இந்தப் பதினொரு பேரில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் வர முடியாது. கடிதம் கொடுக்க வந்தபோதே மேற்பார்வையாளர், "என்னதான் இருந்தாலும், வெறுங்கை முழம் போடுமா டீச்சர்?" என்று கேட்டிருந்தார். "பூவை அவங்க கொண்டு வர்றாங்க சார், நான் கையை நீட்டி முழம் போடுறேன்" என்றார் டீச்சர். வாய்க்கு வந்துவிட்டதே தவிர, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பதினொரு பேரையும் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். கணவருக்கு இப்படி ஒரு சந்தோஷம் வாய்த்து வெகு காலம் ஆகியிருந்தது. இரண்டு மணியிலிருந்து இரண்டு ஐந்து வரை வணக்கம். இரண்டு ஐந்திலிருந்து இரண்டு பதினைந்து வரை புதிய சொற்கள். தலைப்பு, 'ஹோட்டலில் அறை எடுத்தல்'. இருபத்திரண்டு அட்டைகளைக் கணவரே கத்தரித்து, மூலைகளை வளைவாக வெட்டிக் கொடுத்தார். "சிரிக்கறதுக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கலாம்?" என்று உண்மையாகவே கேட்டார். டீச்சர் சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதன்கிழமை டீச்சர் கையில் கோப்போடு படியேறியதைப் பார்த்துச் சாவிக்கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

மாணவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. டீச்சரைக் காப்பாற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். லிஃப்ட்காரர் சீருடையும் தொப்பியுமாக விறைத்து உட்கார்ந்திருந்தார். தையல்கடைச் சகோதரிகள் தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். மேற்பார்வையாளர் கடைசி வரிசையில் ஆயாம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் படிவத்தை விரித்து, "சத்தமா இருக்கே, ஜன்னலை மூடிடலாமா?" என்றார். "அந்தக் கொக்கி துரு பிடிச்சது சார், மூடினா திறக்காது" என்றார் டீச்சர். பாதி உண்மை.

பாடம் எழுதியபடியே நடந்தது. டீச்சர் கேட்டால், ஆயாம்மா தவிர பத்துப் பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். டாக்ஸிக்காரர் மரம் போல முகத்தை வைத்துக்கொண்டு ஏழு இரவுகளுக்கு அறை எடுத்தார். தையல்கடை அக்கா கடல் பார்த்த அறைதான் வேண்டுமென்று அட்டையில் இருந்தபடி கேட்டார். யாரும் தவறு செய்யவில்லை, யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்து, அட்டையைப் பார்த்து, மறுபடி கடிகாரத்தைப் பார்த்து, தன் வகுப்பிலேயே விருந்தாளியைப் போல நின்றுகொண்டிருந்தார். மேற்பார்வையாளர் கட்டங்களில் வரிசையாக 'ஆம்' போட்டுக்கொண்டே வந்தார்.

மணி இரண்டு இருபத்தைந்து. 'இருவர் இருவராக உரையாடல்' ஆரம்பிக்க வேண்டிய நேரம். அப்போது கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடைய குரல் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அதை யாரும் அதுவரை கேட்டதில்லை.

"இன்னைக்குப் பையிலேர்ந்து எடுக்கச் சொல்லலையே டீச்சர்?"

ஆயாம்மா எழுந்து நின்றிருந்தார். கையில் கைக்குட்டை இல்லை, போன் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

டீச்சர் தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். கணவர் வளைவாக வெட்டிய அழகான மூலை. கடைசி வரிசையில் படிவம். அதில் கடைசியாக ஒரு 'ஆம்' காய்ந்துகொண்டிருந்தது. பதினொரு பேரின் மூன்று பிற்பகல்களும் இந்த இரண்டு மணி நேரத்தில் தொங்கிக்கொண்டிருப்பது டீச்சருக்குத் தெரியாமல் இல்லை. துப்புரவு அம்மாவின் அந்தப் பழைய கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. அட்டைகளைச் சேர்த்துக் குடைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மறந்துட்டேன் ஆயாம்மா. எடுங்க."

ஆயாம்மா சொன்னது இதுதான். இல்லத்தில் ஏழாம் அறையில் ஒரு மேடம் இருக்கிறார். எண்பத்து மூன்று வயது. ஆங்கிலம் தவிர வேறு பேச்சு கிடையாது, அதுவும் பல் போன வாயில் பாதி மென்று பாதி விழுங்கிய பேச்சு. எட்டு மாதமாக அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டுவது ஆயாம்மாதான். மேடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருப்பார். ஆயாம்மா எல்லாவற்றுக்கும் 'எஸ் மேடம்' என்பார். "வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க. தெரியாதுங்கற வார்த்தை வாயில வரக்கூடாது, எது கேட்டாலும் எஸ் மேடம் சொல்லணும்னு. அப்படியே பழகிப்போச்சு. அவங்க என்ன கேக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் இங்க வந்தேன். வந்து உக்காந்தா எல்லாரும் நல்லாப் பேசுறீங்க. எனக்கு வாயே வரலை."

நேற்று மேடம் ஆயாம்மாவின் கன்னத்தில் அறைந்துவிட்டார். அதிலிருந்து ஆயாம்மா ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. நாளைக்கும் இப்படியே இருந்தால் ஆயாம்மாவை வேறு மாடிக்கு மாற்றிவிடுவதாகத் தலைமை நர்ஸ் சொல்லியிருக்கிறார். "அறைஞ்சது வலிக்கலை டீச்சர். எதுக்குன்னு தெரியலை பாருங்க, அதுதான். இன்னைக்குக் காலையிலயும் அதையேதான் கேட்டாங்க. போனை மடியில வெச்சுப் பிடிச்சுட்டேன்."

பொத்தானை அழுத்தினார். கரகரவென்று ஒரு கிழக் குரல், ஒரே மூச்சில் உருண்டு வந்து நின்றது. உடனே பின்னாலேயே ஆயாம்மாவின் குரல், பணிவாக, தயாராக: "எஸ் மேடம்."

டீச்சருக்கு முதல் முறையிலேயே புரிந்துவிட்டது. அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அவருடைய தொழில். "இன்னொரு தடவை போடுங்க" என்றார். பத்துப் பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து போனைச் சுற்றிக் குனிந்தார்கள். "கடைசியில டுடேன்னு வருது" என்றார் டாக்ஸிக்காரர். மூன்றாவது முறை போட்டபோது தையல்கடைத் தங்கை நிமிர்ந்தார்.

"இஸ் மை சிஸ்டர் கமிங் டுடே," என்றார். பிறகு மெதுவாக, "கூடப் பொறந்தவங்க இன்னைக்கு வர்றாங்களான்னு கேக்குறாங்க."

சாவிக்கடை இயந்திரம் ஒரு சாவியை அறுத்து முடித்து ஓய்ந்தது. ஆயாம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதனாலதான்," என்றார். "அதனாலதான் தினமும் நல்ல துணியா எடுத்துப் போடச் சொல்லிக் காட்டுவாங்க. சாயங்காலம் வரைக்கும் ஜன்னல்கிட்டயே உக்காந்திருப்பாங்க. எட்டு மாசம். தினமும் வர்றாங்க வர்றாங்கன்னு நானே சொல்லியிருக்கேன். யாருமே வந்ததில்லை டீச்சர். அறைஞ்சதோட விட்டாங்களே." அவருக்கு அழுகை வந்துவிட்டது. நாலு மாதமாகப் பாடப்பொருளாக இருந்த கைக்குட்டை அன்றுதான் அதற்குரிய வேலையைச் செய்தது.

நாளைக்கு என்ன சொல்வது? வகுப்பு இரண்டுபட்டது. "ரோட்டுல டிராஃபிக், வந்துகிட்டே இருக்காங்கன்னு சொல்லுங்க, பாவம்" என்றார் டாக்ஸிக்காரர். "பொய் சொல்லித்தான் இவ்வளவும்! வரமாட்டாங்கன்னு பட்டுனு சொல்லிடணும்" என்றார் தையல்கடைத் தங்கை. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வரமாட்டாங்கன்னு உனக்கு யாரு சொன்னா? உயிரோட இருக்காங்களா இல்லையான்னே தெரியாது. அக்காவா தங்கச்சியான்னுகூடத் தெரியாது. ஒண்ணுமே தெரியாம என்னத்தைச் சொல்றது?"

"அப்ப அதையே கேட்டுட்டாப் போச்சு" என்றார் லிஃப்ட்காரர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிட்டு, நீங்களே சொல்லுங்கன்னு கேக்கறது. நம்ம டீச்சரம்மா நம்மகிட்ட தினமும் அதைத்தானே செய்யறாங்க?"

டீச்சர் எழுந்து போய்க் கரும்பலகையில் எழுதினார். எழுதியதும் ஆயாம்மா ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்: "ஐ டோன்ட் நோ, மேடம். டெல் மி அபௌட் யுவர் சிஸ்டர்." கையில் எழுதித் தரட்டுமா என்று டீச்சர் பேனாவை எடுத்தார். "வேண்டாம் டீச்சர், எங்க வேலைல கை எப்பவும் தண்ணியிலதான். மனசுலதான் ஏத்திக்கணும்" என்றார் ஆயாம்மா.

மனதில் ஏற்றுவதென்றால் ஒத்திகை வேண்டும். மேடமாக யார் நடிப்பது? டீச்சர் சுற்றிப் பார்த்தார். "சார், நீங்க ஏழாம் நம்பர் மேடமா இருக்கீங்களா?"

மேற்பார்வையாளர் திடுக்கிட்டார். படிவத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் நாற்காலிக்கு அடியில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சுத்தமான ஆங்கிலத்தில், என் சகோதரி இன்றைக்கு வருகிறாளா என்று கேட்டார். ஆயாம்மாவின் வாய் பழக்கத்தில் 'எஸ்' என்று ஆரம்பித்தது. நிறுத்தினார். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எழுதியிருந்ததை முழுவதுமாகச் சொன்னார். நாலு மாதத்தில் அவருடைய முதல் ஆங்கில வாக்கியம் அது. சொல்லிவிட்டு, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்தார்.

மேற்பார்வையாளர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். "ஷி இஸ் மை எல்டர் சிஸ்டர்" என்றார். "ஷி..." அதற்கு மேல் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது தன் சொந்த அக்காவைப் பற்றி என்று வகுப்புக்குப் புரிந்தது.

"நாப்பது செகண்டு ஆச்சு சார், எட்டாவது மாடி வந்துடுச்சு" என்றார் லிஃப்ட்காரர் அன்பாக. அப்போதுதான் வகுப்பு சிரித்தது. மேற்பார்வையாளரும்தான்.

நாலு மணிக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தவர் நாலே காலுக்கு எழுந்தார். 'திட்டம் பின்பற்றப்பட்டதா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார், அவர் நேர்மையானவர். 'பங்கேற்ற மாணவர்கள்' என்ற இடத்தில் பதினொன்று என்று எழுதி, ஒரு கணம் யோசித்து, அதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று போட்டார். பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. வகுப்பு தொடரலாம், ஆனால் திட்டத்தை முதல் நாளே எழுதித் தர வேண்டும். டீச்சர் இப்போது தவறாமல் எழுதித் தருகிறார். 'இரண்டு மணி: ஜன்னலைத் திறத்தல். இரண்டு ஐந்து: பையிலிருந்து எடுத்தல். இரண்டு பத்து முதல் நான்கு வரை: மேற்படி.' கணவர்தான் நேரம் போட்டுக் கொடுக்கிறார்.

அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை வந்தது. உத்தரவு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாத வெள்ளிக்கிழமை. டீச்சர் வீசிய கையோடு வந்து ஜன்னல்களைத் திறந்துவைத்திருந்தார். எல்லோரும் வந்துவிட்டார்கள், கடைசி நாற்காலி காலி. டீச்சர் 'பையிலேர்ந்து எடுங்க' என்று சொல்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டேகாலுக்கு ஆயாம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து, கடைசி நாற்காலிக்குப் போகாமல், டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்துக் காலையில கேட்டாங்க, சொன்னேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தாங்க. மறுபடி அடிக்கப் போறாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டேன். கன்னத்துல கையை வெச்சாங்க டீச்சர், அறைஞ்ச அதே எடத்துல. அப்புறம் பேச ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்லை. நடுவுல நான் ஊட்டினேன், தட்டு காலியாயிடுச்சு, அவங்களுக்கே தெரியலை. என்னை மாத்தலை. அந்த மாடியிலேயேதான் இருக்கேன்."

"அக்காவா, தங்கச்சியா?" என்று தையல்கடைச் சகோதரிகள் இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"தங்கச்சியாம். யங்கர்னு சொன்னாங்க. அது புரிஞ்சுது. ரிவர்னு ஒண்ணு புரிஞ்சுது. சிரிச்சாங்க, அழுதாங்க, அதுவும் புரிஞ்சுது. மத்தது ஒண்ணும் புரியலை." பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்து மேசை நடுவில் வைத்தார். "பதினோரு நிமிஷம் இருக்கு. எத்தனை நாளானாலும் பரவாயில்லை, எல்லாமே எனக்குத் தெரியணும்."

பொத்தானை அழுத்தினார். கிழக் குரல் மெல்ல ஆரம்பித்தது. கீழே சாவிக்கடை இயந்திரம் கிறீச்சிட்டது, பஸ் ஒன்று ஹாரன் அடித்தது.

டீச்சர் எழுந்து போய் முதல் ஜன்னலை மூடினார். பிறகு இரண்டாவது ஜன்னலின் துருப் பிடித்த கொக்கியைச் சத்தமே வராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, மூடினார்.